இரண்டு கட்டை கீழே

ஜூன் 2, ஞாயிறு

இன்று சொல்லாமல் விட்டது: "வாயை மட்டும் அசைப்பதற்கு நான் எதற்கு அண்ணே? தொட்டியிலிருந்து ஒரு மீனைப் பிடித்து நிறுத்துங்கள்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் இது தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான். பதில் வந்து சேரும்போது கேட்டவர் போய்விட்டிருப்பார்.

சர்ச்சில் பூசை முடிந்து பாடகர் குழுப் பயிற்சி. அடுத்த மாதம் கோயில் திருவிழா. கீபோர்டு வாசிக்கும் பையன் வேலை கிடைத்து பினாங்குக்குப் போய்விட்டான். அதனால் திடீரென்று என் கித்தாரின் நினைவு எல்லாருக்கும் வந்தது. குழுவை நடத்தும் கிளாரன்ஸ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மைக்குக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார்.

"கித்தார கொண்டாமா. ஆனா சுருதிய ஏத்தி வச்சுக்கோ, எல்லாரும் பாடுற சுருதிக்கு. அப்புறம், தப்பா எடுத்துக்காத, நீ வாய மட்டும் அசைச்சா போதும். உன் குரலு கீழயே நிக்குதுலா. மைக்குல ஆம்பள மாதிரி தனியா கேக்குது."

யாரோ சிரித்தார்கள். தனிப்பாடல் பாடும் கேரன் பாட்டுத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கூரை ஓட்டைத் தொடும் குரல்.

நான் சொன்னது: "சரிண்ணே."

ஜூன் 3

வேலையில் இன்று ஒரு பெட்டி ஆணி முழுவதையும் ரிஜெக்ட் செய்தேன். "யாரு மேல கோவம்?" என்று கேட்டார் சூப்பர்வைசர். கோபமில்லை. அளவில் ஒரு மயிரிழை பிசகு. அவ்வளவுதான் — அதைப் பிடிப்பதற்குத்தான் கூலிம் தொழிற்சாலையில் எனக்குச் சம்பளம்.

ஜூன் 8, சனி

ஓய்வு நாள். கித்தாரைப் பற்றி ஒருமுறையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

நான் படித்த கதைகளில் வாத்தியம் என்று வந்தால் அது செத்துப்போன யாராவது விட்டுச் சென்றதாக இருக்கும். தொட்டதும் கண்ணீர் வரும். என்னுடையதில் அந்த மாதிரி இரவல் கண்ணீர் ஒன்றும் கிடையாது. சுங்கைப்பட்டாணியில், பழைய சாமான் விற்கும் ஒரு பண்டல் கடையில், பழைய குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே, அதுவும் ஒரு சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கார மலாய்க்கார அக்கா, "இனி ரோசாக் டிக், புவாட் ஹியாசான் போலே லா" என்றார். கெட்டுப்போனது, வேண்டுமானால் சுவரில் அழகுக்கு மாட்டிக்கொள் என்று அர்த்தம். பொய் சொல்லாத வியாபாரி. வாங்கிவிட்டேன்.

கெட்டுப்போனதுதான். பலகையின் வயிறு உப்பியிருக்கிறது. கம்பிகளைக் கீழே பிடித்திருக்கும் மரத்துண்டு, பிரிட்ஜ், ஒரு பக்கம் நகக்கண் அளவுக்குத் தூக்கியிருக்கிறது. எல்லாரும் வைக்கும் சுருதிக்குக் கம்பியை முறுக்கினால் உள்ளே மரம் முனகும். வாங்கிய அன்றே கேட்டேன். பயந்துபோய்க் கம்பிகளைத் தளர்த்தினேன். அரைக்கட்டை. ஒரு கட்டை. இன்னும் முனகல். இரண்டு கட்டை இறக்கியதும் நின்றது.

அந்த இடத்தில் சும்மா ஒரு பாட்டு பாடிப் பார்த்தேன். தொண்டையில் எந்த இழுப்பும் இல்லாமல் பாட்டு முடிந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு பாட்டை நான் முழுதாக முடித்தது அதுதான் முதல் தடவை.

பள்ளியில் கூட்டுப்பாடல் என்றால் கடைசி வரிசை. சாப்பாடு கொண்டுவருபவர்கள் போனில் இன்றுவரை "ஓக்கே பாங்" என்று என்னை அண்ணனாக்கிவிட்டுத்தான் வைப்பார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு மேலே மேலே எட்டி எட்டி, எட்டாததற்கு வெட்கப்பட்டே வளர்ந்தேன். குறை என்னிடம் இல்லாமல் அந்த உயரத்திலும் இருக்கலாமே என்று எனக்குச் சொன்னது ஒரு பண்டல் கடைச் சாமான்.

மூன்றாவது கம்பி பிஸ்கட் டின் மூடி மாதிரி அதிரும். அதையும் எழுதிவிடுகிறேன். காதல் கண்ணை மறைக்கவில்லை.

சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி ஒன்று உண்டு. கேப்போ என்பார்கள். கேரன் தந்தாள், முயன்று பார்த்தேன். கழுத்து வளைந்திருப்பதால் கவ்வியைப் போட்டதும் கித்தார் சிணுங்குகிறது, தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தை மாதிரி. பையில் போட்டுவிட்டேன்.

ஜூன் 9

பயிற்சிக்குப் போனேன். கித்தாரைக் கொண்டுபோகவில்லை. "மறந்துட்டேண்ணே" என்றேன். அதுவும் ஒரு வாயசைப்புத்தான்.

ஜூன் 15, சனி

வேலை முடிந்து வந்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

"கிளாரன்ஸ் வந்தாரு. கித்தார நானே சரி பண்ணிக் கொண்டாறேன்னாரு. நல்லதுதானேன்னு குடுத்துட்டேன்" என்றார் அம்மா.

"என்னைக் கேக்கணும்னு தோணலயா?"

"போன் அடிச்சேன். நீ எங்க எடுத்த?"

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அம்மா கெடுதல் நினைக்கவில்லை என்று. யாருமே கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் பிரச்சினையே.

அண்ணனை அழைத்தேன். "கம்பிய முறுக்காதீங்கண்ணே. அது தாங்காது."

"தாப்பாலா அலிசியா, ஒண்ணும் ஆவாது, நான் பாக்காத கித்தாரா? புதுக் கம்பியே போட்டுட்டேன். திங்கக்கெழம ஹஜ்ஜுப் பெருநாள் லீவு. செவ்வாக்கெழம வேல முடிஞ்சு வர்ற வழியில குடுத்துர்றேன்."

போட்டுட்டேன். போட்டே விட்டார்.

ஜூன் 18, செவ்வாய்

போச்சு.

மெர்கோங்கில் அண்ணன் ஆபீஸ் வாசலில், காலையிலிருந்து சாயங்காலம்வரை, மொட்டை வெயிலில், பூட்டிய காடிக்குள், பின் சீட்டில். முறுக்கி வச்ச கம்பியோட. பிரிட்ஜ் பிய்ந்து, கூடவே பலகையிலிருந்து ஒரு தோலையும் உரித்துக்கொண்டு வந்திருக்கிறது. கம்பிகள் அந்த மரத்துண்டைத் தூக்கில் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருந்தன.

கொண்டுவந்தவர் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றார். முகம் செத்திருந்தது. "போன்ல சுருதி பாக்குற ஆப்புல பச்ச லைட்டு வந்துச்சுமா. ஆறு கம்பிக்கும் பச்ச வந்துச்சு. அப்ப சரியாத்தான் இருந்துச்சு."

பச்சை. உங்களுக்குப் பச்சை வந்துச்சு. உள்ள முனகுனது கேக்கலையா? நான் சொன்னது கேக்கலையா? தாங்காதுன்னு சொன்னேன்ல? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து சொன்னேன்!

இதில் எதையும் அவரிடம் சொல்லவில்லை. கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினேன். மெதுவாகச் சாத்தியதற்காக இப்போது என்மேலேயே கோபம்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று சொன்னேன்.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் எல்லாரையும் நிற்கச் சொன்னார் அண்ணன். புதுக் கித்தார். தேன் நிறம், கண்ணாடி மாதிரி மினுங்கல், பக்கவாட்டில் சுருதி பார்க்கும் சின்னத் திரைகூட இருந்தது. "நம்ம அலிசியாவுக்கு" என்றார். கைதட்டல். கைதட்டும்போது ஒருவர் கையில் பொருளைக் கொடுத்தால் அவர் எப்படி மறுப்பார்? வாங்கினேன். மடியில் வைத்து மீட்டினேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கம்பியும் சொன்ன இடத்தில் நின்றது.

அதன்மேல் என் குரலை வைத்துப் பார்த்தேன், மனதுக்குள்தான். அடுத்தவர் வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது.

"வேணாம்ணே" என்றேன்.

"ஏன்மா? இதுல என்ன கொற?"

"ஒரு கொறையும் இல்லண்ணே. அதான் வேணாம்."

பின்னால் யாரோ, "திமிரப் பாரு" என்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. கித்தாரை அதன் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, அண்ணனிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன்.

காடி சிக்னலில் நின்றதும் அம்மா ஆரம்பித்தார். "ஒடச்சவரு வாங்கிக் குடுக்குறாரு. நாலு பேரு முன்னால அவர் மூஞ்சில அடிச்ச மாதிரி! யாருகிட்ட இருந்து வந்துச்சு உனக்கு இந்தப் புத்தி?"

யோசிக்கிறேன். இது வெறும் பிடிவாதமா? இருக்கலாம். நாளெல்லாம் மயிரிழைக்காகப் பொருளைத் தள்ளிவைக்கிறவள் நான். அளவு தவறியதை வீட்டுக்குக் கொண்டுவந்து நேசிக்கிறவளும் நான். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? இயந்திரத்துக்குள் போகிற ஆணிக்கு அளவு வேண்டும். என் தொண்டை எந்த இயந்திரத்துக்குள்ளும் போகப்போவதில்லை.

ஜூன் 26

கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கும் அட்ரியனுக்கும் எங்கள் ஊர் லூனாஸ்தான். கேன்டீனில் அவனிடம் படத்தைக் காட்டினேன்.

"வெறும் பசை நிக்காது. போல்ட் போட்டு முடுக்கிறலாம். ஆனா பாக்க அசிங்கமா இருக்கும், சொல்லிட்டேன்."

"எவ்ளோ அசிங்கமா?"

"கித்தாரா லோரியான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"இன்னொன்னு. டைட்டா முறுக்காத."

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாள் கழித்து! "முறுக்குனது நான் இல்லடா" என்றேன்.

ஜூலை 6, சனி

கேரனின் அப்பா நேற்று இறந்துவிட்டார். தேவன் அங்கிள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். நெஞ்சுவலி என்று தாமே காடியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

சாயங்காலம் அட்ரியன் வீட்டில் கித்தாரை எடுத்துக்கொண்டேன். பளபளவென்று இரண்டு போல்ட், கீழே வட்ட வட்டமாக வாஷர். நிஜமாகவே லோரிதான். வேலையிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒன்று கைப்பையில் கிடந்தது. அதை எடுத்து அதன் முதுகில் ஒட்டினேன். நேரே அங்கிருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு தாமான் குடியிருப்பில் கேரன் வீட்டுக்குப் போனேன்.

ரோட்டை அடைத்துக் கூடாரம். வீட்டுக்குள் பெட்டி. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் லோரிக்காரர்கள், தோட்டத்து ஆட்கள், தொழிற்சாலைச் சட்டையோடு வந்தவர்கள். கிளாரன்ஸ் அண்ணன் போனில் சுருதி எடுத்துக் கொடுத்தார். குழு பாடியது. நன்றாகத்தான் பாடியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் வழக்கம்போல் தலையைக் குனிந்து, கச்சான் கடலையின் தோலை விரலால் நசுக்கிக்கொண்டு இருந்தார்கள். சாவு வீட்டுப் பாட்டு என்றால் நாங்கள் பாட அவர்கள் கேட்பது. யாரும் இதுவரை அதை வேறு மாதிரி யோசித்ததில்லை. நானும்தான்.

பிறகு கேரன் எழுந்து வந்தாள். அப்பாவுக்கு ஒரு பாட்டு அவளே பாட வேண்டும் என்று. அண்ணன் அவளுடைய வழக்கமான சுருதியையே கொடுத்தார். முதல் அடியில் மேலே ஏறினாள். குரல் உடைந்தது. மறுபடியும் ஏறினாள். உடைந்தது. அண்ணன் மறுபடி சுருதி கொடுத்தார், பாவம், அவருக்கு வேறென்ன தெரியும்.

கேரன் என்னைப் பார்த்தாள். "அக்கா. எனக்கு அங்க போக முடியல. கீழ எடு."

காடிக்கு ஓடினேன்.

போல்ட் போட்ட கித்தாரைப் பார்த்ததும் ஒரு லோரிக்காரர், "என்னலா இது, நட்டு போல்ட்டோட" என்றார். நான் தொடங்கினேன். இரண்டு கட்டை கீழே. கேரன் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு பாடினாள். அந்தக் குரலில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. அது பேசுகிற குரல், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

இரண்டாவது அடியில் பின்னாலிருந்து ஏதோ வந்தது. முதலில் ஜெனரேட்டர் என்று நினைத்தேன். ஆண்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. பாட்டு அவர்களுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. எட்டவில்லை, அவ்வளவுதான். கூடாரம் முழுக்கப் பாடியது. மூன்றாவது கம்பி டின் மூடி மாதிரி அதிர்ந்தது, யாருக்கு அது கேட்டது?

என் இடது பக்கத்தில் இன்னொரு குரல். கரடுமுரடாக, என்னுடையதைவிட இன்னும் கொஞ்சம் கீழே. திரும்பினேன்.

அம்மா.

அம்மா பாடி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில்தான் நிற்பார். உதடு அசையும். பாடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "சின்னதுலயே எட்டாதுன்னு விட்டுட்டேன். வாய அசச்சாப் போதும்னு பள்ளிக்கூடத்துல சிஸ்டர் சொல்லிட்டாங்க."

இந்தப் புத்தி யாரிடமிருந்து வந்தது என்று அன்று கேட்டீர்களே அம்மா. சொல்லவில்லை. இன்று அவர் பாடியதே போதும்.

ஜூலை 9

அண்ணன் போன் செய்தார். நல்லவிதமாகத்தான் தொடங்கினார். "அன்னைக்கு ரொம்ப உருக்கமா இருந்துச்சுமா. ஆப்புல போட்டுப் பாத்தேன், அந்தச் சுருதிக்குப் பேரே இல்லலா. ரெண்டு சுருதிக்கு நடுவுல நிக்குது."

"சரிண்ணே."

"ஆனா சாவு வீட்டுக்கு அது சரி. திருவிழாவுக்கு ஆவாது. சந்தோஷம்னா மேல போவணும். அந்தப் புதுக் கித்தார் இன்னும் இங்கதான் இருக்கு. ஞாயித்துக்கெழம வந்து வாசி. பாடுறது மட்டும்—"

"வாயசைக்க மாட்டேன்."

"என்னமா?"

"வாயசைக்க மாட்டேண்ணே. பாடுனா பாடுவேன். என் எடத்துல இருந்து பாடுவேன். என் கித்தாரோட."

"அப்ப குழுவுல எப்படிமா..."

"குழுவுல வேணாம்ணே."

குரல் நடுங்கவில்லை. கீழே நிற்கிற குரலுக்கு அது ஒரு வசதி, விழுவதற்கு இடமில்லை.

ஜூலை 14

பயிற்சி நேரத்தில் வீட்டில் இருந்தேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒரு நாவலில் நாற்பது பக்கம்.

ஜூலை 21, ஞாயிறு

திருவிழா. கேரன் துக்கத்தில் இருப்பதால் வரவில்லை. வேறு ஒருத்தி தனிப்பாடல் பாடினாள். புதுக் கித்தாரை யாரோ வாசித்தார்கள். நன்றாக இருந்தது.

நான் அம்மாவோடு ஜன்னல் ஓர வரிசையில். பாடினேன், குழு இருந்த இடத்துக்குப் போகாமல் என் இடத்தில் நின்று. சேரவில்லைதான். முன் வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. இரண்டாம் முறை திரும்பியபோது அம்மாவும் தொடங்கிவிட்டார். மூன்றாம் முறை அந்தப் பெண் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 17

தேவன் அங்கிளுக்கு நாற்பதாம் நாள் செபம், சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தது. "கித்தாரோட வாக்கா" என்று கேரன் செய்தி அனுப்பியிருந்தாள். அதே லோரிக்காரர்கள். இந்த முறை நாற்காலிகளை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார்கள். "நட்டு போல்ட்டு வந்துருச்சா?" என்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார். இப்போது அதற்கு அதுதான் பெயர். நானும் ஒரு பெயர் வைக்க எத்தனையோ புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். லோரிக்காரர் ஜெயித்துவிட்டார்.

அடுத்தடுத்து இரண்டு வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் சாவு வீடு. அண்ணன் சொன்னது சரிதானோ? இது துக்கத்துக்கு மட்டும்தானா?

செப்டம்பர் 8, ஞாயிறு

சுங்கைப்பட்டாணி, பாக்கார் ஆராங். அட்ரியனின் அக்கா குழந்தைக்கு இன்று திருமுழுக்கு. வீட்டில் மதியச் சாப்பாடு. "யாராச்சும் சாவு வீட்டுக் கித்தார்னு சொன்னா சொல்லு, போல்ட்ட கழட்டி அவங்க கையில குடுத்துர்றேன்" என்றான் அட்ரியன்.

நன்றிப் பாட்டு எடுத்தேன். வேகமாக, கீழே. தரை அதிர்ந்தது. பிரியாணித் தட்டோடு ஆட வந்த பிள்ளைகளை அம்மா விரட்டிக்கொண்டே பாடினார். கேரனும் வந்திருந்தாள். சந்தோஷம் மேலேதான் இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லை.

கிளாரன்ஸ் அண்ணன் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாட்டு தாழும் இடத்தில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவருடையது ஏறுகிற குரல். அவ்வளவு கீழே அவருக்கு நிற்க இடமில்லை. நான் பார்த்தது அவருக்குத் தெரிந்தது. பார்வையைக் குழந்தையின் பக்கம் திருப்பிக்கொண்டு தொடர்ந்து அசைத்தார்.

பையில் கேரன் தந்த கவ்வி, சுருதியை ஏற்றும் கவ்வி, இருந்தது. அந்தப் பாட்டு முடியும்வரை நான் அதை எடுக்கவில்லை.

இரண்டாவது பாட்டுக்கு எடுத்து மாட்டினேன். பாட்டு முழுக்கக் கித்தார் சிணுங்கியது. கிளாரன்ஸ் அண்ணன் பாடினார்.

மூன்றாவது பாட்டுக்குக் கழற்றிவிட்டேன்.